சேமித்தவுடன் சர்வர் தானே மீண்டும் எழ: ஜாங்கோ, ஃபிளாஸ்க், யுவிகார்ன், நோட் முழுமையான வழிகாட்டி

பைத்தானிலோ நோடிலோ எழுதிய வெப் சர்வர், தொடங்கும்போது நிரலை ஒரே ஒரு முறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு வட்டில் இருக்கும் கோப்பை நீங்கள் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. பிழையைத் திருத்தியாயிற்று, பிரவுசரையும் பலமுறை புதுப்பித்தாயிற்று, ஆனாலும் பழைய பிழையே முகத்தில் வந்து நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்: ஓடிக்கொண்டிருப்பது பழைய நிரல். பிஎச்பியில் பழகி வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரல் முதலிலிருந்து ஓடுகிறது. தொகுத்த நிரலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஓபிகேஷ் இயங்கினாலும், அதன் இயல்பு அமைப்பில் 2 விநாடிக்கு ஒரு முறை கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடும்.

தானாக ரீலோட் ஆவது என்று நாம் சொல்வதில் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று காவல்: எந்தக் கோப்பு மாறியது என்று கண்டுபிடிப்பது. மற்றொன்று மறுதொடக்கம்: ஓடும் சர்வரை நிறுத்திப் புதிய நிரலோடு எழுப்புவது. ரீலோட் ஆகவில்லை என்று யாராவது சொன்னால், இந்த இரண்டில் எது பழுது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். கீழே வரும் எல்லாவற்றையும் அந்தக் கேள்வியோடு சேர்த்தே படியுங்கள்.

கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்புகளான சூழல் மாறிகள் எல்லாம் பெரிய எழுத்தில் வரும்.

முழுப் புராசஸையும் ஏன் கொல்ல வேண்டும்?

நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத்தான் புராசஸ் என்கிறோம். மாறிய ஒரு கோப்பை மட்டும் மறுபடி படித்தால் போதாதா என்று தோன்றும். பைத்தானில் அதற்கு 'இம்போர்ட்லிப்.ரீலோட்' இருக்கிறது. ஆனால் ஓடும் சர்வரில் அதை நம்ப முடியாது. வேறொரு கோப்பு 'ஃப்ரம் பில்லிங் இம்போர்ட் டோட்டல்' என்று எழுதியிருந்தால், அதன் கையில் இருப்பது பழைய ஃபங்ஷன். 'பில்லிங்' கோப்பை ரீலோட் செய்தாலும் அந்தப் பிடி மாறாது. ஏற்கெனவே உருவான ஆப்ஜெக்டுகள் பழைய கிளாஸைச் சேர்ந்தவை. 'இஸ்இன்ஸ்டன்ஸ்' சோதனை புதிய கிளாஸோடு ஒப்பிட்டு 'ஃபால்ஸ்' என்று சொல்லும். பாதி பழசும் பாதி புதுசுமாக ஓடும் சர்வரில் பிழை தேடுவதைவிட ஒரு விநாடி காத்திருந்து முழுதாக மறுபடி தொடங்குவது எவ்வளவோ மேல். பைத்தான் வெப் கட்டமைப்புகளான ஜாங்கோ, ஃபிளாஸ்க், பைத்தான் சர்வரான யுவிகார்ன், நோடுக்கான காவல் கருவி நோட்மான் எல்லாமே இந்த வழியில்தான் போகின்றன.

மொழியே இதற்காக வடிவமைக்கப்பட்டிருந்தால் கதை வேறு. எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த எர்லாங், ஒரு மாட்யூலின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைத்திருக்கும். ரூபி ஆன் ரெயில்ஸ் தன் கான்ஸ்டன்டுகளை அகற்றிவிட்டு, தேவைப்படும்போது மறுபடி ஏற்றுகிறது. ஸ்பிரிங் பூட் டெவ்டூல்ஸ் இரண்டு கிளாஸ்லோடர்களை வைத்துக்கொண்டு, மாறாத நூலகங்களை ஒன்றிலும் உங்கள் நிரலை மற்றொன்றிலும் ஏற்றி, இரண்டாவதை மட்டும் தூக்கி எறிகிறது. பைத்தானுக்கும் நோடுக்கும் அந்த வசதி இல்லை.

ஜாங்கோ

'பைத்தான் மேனேஜ்.பை ரன்சர்வர்' என்று தட்டினால் போதும், ரீலோட் இயல்பாகவே இயங்கும். வேண்டாம் என்றால் '--நோரீலோட்' சேர்க்க வேண்டும். தொடங்கியதும் டெர்மினலில் 'வாட்சிங் ஃபார் ஃபைல் சேஞ்சஸ் வித் ஸ்டாட்ரீலோடர்' என்று ஒரு வரி வரும். அதைக் கவனியுங்கள். காவலுக்கு யார் நிற்கிறார்கள் என்று சொல்வது அந்த வரிதான்.

உள்ளே ஓடுவது இரண்டு புராசஸ்கள். தாய்ப் புராசஸ், 'ரன்_மெயின்' என்ற சூழல் மாறியில் 'ட்ரூ' என்று வைத்துச் சேய்ப் புராசஸைத் தொடங்குகிறது. கோரிக்கைகளுக்குப் பதில் சொல்வதும் கோப்புகளைக் கவனிப்பதும் சேய்தான். மாற்றத்தைக் கண்டதும் சேய் 3 என்ற குறியீட்டோடு வெளியேறுகிறது. 3 வந்தால் தாய் புதிய சேயைத் தொடங்கும். வேறு எண் வந்தால் தானும் வெளியேறிவிடும். ஜாங்கோவில் வரும் பல குழப்பங்களின் வேர் இந்த இரட்டை அமைப்புதான்.

முதல் குழப்பம்: 'ஆப்கான்ஃபிக்' கிளாஸின் 'ரெடி' மெத்தட் இரண்டு முறை ஓடுகிறது. தாயும் ஜாங்கோவை ஒரு முறை முழுதாக ஏற்றுகிறது, சேயும் ஏற்றுகிறது. 'ரெடி'க்குள் பின்னணி வேலையையோ ஷெட்யூலரையோ தொடங்கியிருந்தால் மின்னஞ்சல் இரண்டு முறை போகும். 'ரன்_மெயின்' இருக்கிறதா என்று பார்த்துத் தொடங்கும்படி பலர் எழுதுகிறார்கள். ஆனால் உண்மையான சர்வரில், பைத்தான் ஆப்களை ஓட்டும் கூனிகார்னின் கீழ் ஓடும்போது அந்த மாறியே இருக்காது, வேலை ஒரு முறைகூடத் தொடங்காது. ஷெட்யூலரை 'ரெடி'யிலிருந்து எடுத்துத் தனி மேனேஜ்மென்ட் கட்டளையாக வைத்து, வேறு டெர்மினலில் ஓட்டுவதே சரியான வழி.

இரண்டாவது குழப்பத்தைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் பிடிக்கும். சூழல் மாறிகளை எழுதி வைக்கும் '.என்வ்' கோப்பில் ஒரு மதிப்பை மாற்றுகிறீர்கள். ஜாங்கோ அதைக் கவனிப்பதில்லை என்று தெரிந்து, செட்டிங்ஸ் கோப்பையும் ஒரு முறை சேமித்து ரீலோட் செய்கிறீர்கள். ரீலோட் ஆகிறது, மதிப்பு மட்டும் பழையதாகவே இருக்கிறது. காரணம்: செட்டிங்ஸில் அந்தக் கோப்பைப் படிக்கும் 'லோட்_டாட்என்வ்' இருந்தால், தாய்ப் புராசஸும் அதை ஓட்டி, பழைய மதிப்புகளைத் தன் சூழலில் வைத்துக்கொண்டுவிட்டது. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு சேயும் அந்தச் சூழலை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே இருக்கும் மாறியை 'லோட்_டாட்என்வ்' இயல்பாக மேலெழுதாது. ஆகவே '.என்வ்' மாறினால் கன்ட்ரோல்-சி அழுத்தித் தாயையே நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

இனி காவல் பக்கம். ஸ்டாட்ரீலோடர் 1 விநாடிக்கு ஒரு முறை, ஏற்றப்பட்ட எல்லா மாட்யூல்களின் கோப்புகளையும் சுற்றிவந்து, கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைப் பார்க்கிறது. முன்பு பார்த்ததைவிட நேரம் பிந்தையதாக இருந்தால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். பழைய நேரத்தை அப்படியே காத்து நகலெடுக்கும் கட்டளையால், உதாரணமாக 'ஆர்சிங்க் -ஏ', ஒரு பழைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவந்தால் நேரம் பின்னோக்கிப் போயிருக்கும், ரீலோட் ஆகாது. அந்தக் கோப்பை 'டச்' கட்டளையால் ஒரு முறை தொட்டுவிட்டால் சரியாகிவிடும்.

முதன்முறையாகக் கண்ணில் படும் கோப்பை அது மாற்றமாக எண்ணுவதில்லை. புதிய கோப்பு சேர்த்தால் ரீலோட் ஆகாமல் இருக்க இதுவே காரணம். அன்றாட வேலையில் இது உறைக்காது. புதிய கோப்பை இம்போர்ட் செய்யப் பழைய கோப்பு ஒன்றைத் திருத்தித்தானே ஆக வேண்டும், அந்தத் திருத்தம் ரீலோடைத் தூண்டிவிடும். புதிய டெம்ப்ளேட் டேக் கோப்பு சேர்க்கும்போது மட்டும் அப்படி ஒரு திருத்தம் இருக்காது. அப்போது கையால் மறுபடி தொடங்குங்கள்.

எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 3.2 பதிப்பிலிருந்து டெம்ப்ளேட் மாறினால் ஜாங்கோ சர்வரை நிறுத்தாமல் டெம்ப்ளேட் லோடர்களை மட்டும் புதுப்பித்துக்கொள்கிறது.

மாட்யூல்கள் ஆயிரக்கணக்கில் பெருகிய ப்ராஜெக்டில், சும்மா இருக்கும்போதே சிபியு தொடர்ந்து ஓடுவதைப் பார்க்கலாம். விநாடிக்கு ஒரு முறை எல்லாக் கோப்பையும் தொட்டுப் பார்ப்பதன் விலை அது. அங்கே, கோப்பு மாற்றங்களைக் கவனித்துச் சொல்லும் தனிச் சேவையான வாட்ச்மேன் பயன்படும். வாட்ச்மேன் சேவையைக் கணினியில் நிறுவி, 'பைவாட்ச்மேன்' நூலகத்தையும் பைத்தானின் நிறுவு கருவியான பிப் வழியாக நிறுவுங்கள். 2.2 பதிப்பு முதல் ஜாங்கோ தானாகவே அதற்கு மாறிக்கொள்ளும், தொடக்க வரியில் 'வாட்ச்மேன்ரீலோடர்' என்று வரும். ப்ராஜெக்டுக்குள், நோட் நூலகங்கள் நிறுவப்படும் 'நோட்_மாட்யூல்ஸ்' போன்ற பெரிய ஃபோல்டர் இருந்தால் '.வாட்ச்மேன்கான்ஃபிக்' கோப்பில் அதை விலக்கிவிடுங்கள். பெரிய ஃபோல்டரால் வாட்ச்மேன் பதில் சொல்லத் தாமதித்தால் 'ஜாங்கோ_வாட்ச்மேன்_டைம்அவுட்' மாறியை உயர்த்துங்கள்; இயல்பு 5 விநாடி. சிறிய ப்ராஜெக்டுக்கு இந்த ஏற்பாடு தேவையே இல்லை.

ஃபிளாஸ்க்

'ஃபிளாஸ்க் ரன் --டீபக்' என்பதே இன்றைய வழி. பழைய பாடங்களில் வரும் 'ஃபிளாஸ்க்_என்வ்' மாறி 2.3 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஏன் ரீலோட் ஆகவில்லை என்று தேடாதீர்கள்.

ஃபிளாஸ்கின் அடியில் இருக்கும் வெர்க்ஸாய்க் நூலகமும் ஜாங்கோவைப் போலவே தாய், சேய் என்று பிரித்து ஓட்டுகிறது. மாறியின் பெயர் மட்டும் 'வெர்க்ஸாய்க்_ரன்_மெயின்'. வாட்ச்டாக் நூலகம் நிறுவப்பட்டிருந்தால் இயங்குதளத்தின் அறிவிப்புகளைப் பயன்படுத்தும். இல்லையென்றால் 1 விநாடிச் சுற்றுதான். பிப் வழியாக வாட்ச்டாக் நிறுவுவது ஒரு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

பைத்தான் அல்லாத கோப்புகளையும் கவனிக்க '--எக்ஸ்ட்ரா-ஃபைல்ஸ்' கொடுக்கலாம். பல கோப்புகளைப் பிரிக்க லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி.

நிரலுக்குள் 'ஆப்.ரன்' என்று அழைத்து ஓட்டாதீர்கள். சின்டாக்ஸ் பிழையோடு சேமித்துவிட்டால் அந்த வழியில் சர்வர் விழுந்துவிடும். 'ஃபிளாஸ்க் ரன்' விழாது. பிழையைக் காட்டிவிட்டு அடுத்த திருத்தத்துக்குக் காத்திருக்கும்.

'--டீபக்' ரீலோடை மட்டும் கொண்டுவருவதில்லை. பிழைப் பக்கத்திலிருந்தே பைத்தான் நிரலை ஓட்டக்கூடிய டீபக்கரும் கூடவே வருகிறது. ரகசிய எண் ஒன்று அதைக் காத்தாலும், அதை நம்பி இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. பிறர் எட்டக்கூடிய கணினியில் இந்த விருப்பத்தோடு ஓட்டவே ஓட்டாதீர்கள்.

யுவிகார்னும் ஃபாஸ்ட்ஏபிஐயும்

'யுவிகார்ன் மெயின்:ஆப் --ரீலோட்'. ஃபாஸ்ட்ஏபிஐயின் 'ஃபாஸ்ட்ஏபிஐ டெவ்' கட்டளையும் அடியில் இதையே செய்கிறது. நிரலுக்குள்ளிருந்து 'யுவிகார்ன்.ரன்' அழைப்பதானால் ஆப்பை ஆப்ஜெக்டாகக் கொடுக்காமல் "மெயின்:ஆப்" என்று சரமாகக் கொடுங்கள். புதிய புராசஸ் அந்தச் சரத்தைப் பார்த்துத்தான் ஆப்பை மறுபடி இம்போர்ட் செய்யும். கையில் இருக்கும் ஆப்ஜெக்டைக் கொடுத்தால் எச்சரித்துவிட்டு வெளியேறிவிடும்.

யுவிகார்னை அடைப்புக்குறிக்குள் 'ஸ்டாண்டர்ட்' என்று சேர்த்து நிறுவினால் வாட்ச்ஃபைல்ஸ் நூலகமும் வரும். ரஸ்ட்டில் எழுதப்பட்ட நூலகம் அது, வேகமானது. அது இல்லாவிட்டால் யுவிகார்ன் 0.25 விநாடிக்கு ஒரு முறை சுற்றிப் பார்க்கும் முறைக்குப் போய்விடும். '--ரீலோட்-இன்க்ளூட்', '--ரீலோட்-எக்ஸ்க்ளூட்' இரண்டும் அப்போது வேலை செய்யாது.

இயல்பாக அது கவனிப்பது, நீங்கள் நிற்கும் ஃபோல்டருக்குக் கீழே இருக்கும் பைத்தான் கோப்புகளை. பைத்தான் நூலகங்கள் நிறுவப்படும் 'வென்வ்' அதே ஃபோல்டரில் கிடந்தால் அதுவும் காவலுக்குள் வந்துவிடும், பிப் நிறுவும்போதெல்லாம் சர்வர் விழுந்து விழுந்து எழும். '--ரீலோட்-டிர் ஆப்' என்று உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டரை மட்டும் காட்டிவிடுங்கள். '--வொர்க்கர்ஸ்' எண்ணை ரீலோடோடு சேர்த்துக் கொடுத்துப் பயனில்லை. இரண்டும் சேராது, எண் கண்டுகொள்ளப்படாது.

யுவிகார்னில் அதிகம் புலம்ப வைப்பது வேறொன்று. மாற்றம் கண்டறியப்பட்டது என்று லாகில் வரும், பிறகு இணைப்புகள் மூடக் காத்திருப்பதாக ஒரு வரி வந்து அங்கேயே நின்றுவிடும். காவல் பழுதில்லை, மறுதொடக்கம்தான் சிக்கியிருக்கிறது. பிரவுசரில் எங்கோ ஒரு டேபில் வெப்சாக்கெட் அல்லது தொடர் நிகழ்வு இணைப்பு திறந்தே இருக்கிறது. பழைய புராசஸ் அது மூடும்வரை பொறுமையாக நிற்கிறது, இயல்பாக அந்தப் பொறுமைக்கு எல்லையே கிடையாது. '--டைம்அவுட்-கிரேஸ்ஃபுல்-ஷட்டவுன் 2' என்று கொடுத்தால் 2 விநாடிக்குப் பிறகு இணைப்பை அறுத்துவிட்டுப் போகும். அரட்டை, நேரலைப் பலகை போன்றவற்றை எழுதுபவர்கள் இதை முதல் நாளே சேர்த்துவிடுவது நல்லது.

நோட்

18.11 பதிப்பு முதல் நோடிலேயே இந்த வசதி இருக்கிறது: 'நோட் --வாட்ச் சர்வர்.ஜேஎஸ்'. 22 பதிப்பில் அது நிலைபெற்றுவிட்டது. தொடக்கக் கோப்பையும் அது இழுத்துவரும் கோப்புகளையும் மட்டுமே இது கவனிக்கும். படித்து அனுப்பும் டெம்ப்ளேட்டுகளைக் கவனிக்காது. '--வாட்ச்-பாத்' கொடுத்து ஃபோல்டரைக் காட்டலாம், ஆனால் அது மேக்கிலும் விண்டோஸிலும் மட்டும்தான். லினக்ஸில் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸில் டெம்ப்ளேட்டுகளையும் கவனிக்க வேண்டுமென்றால் நோட்மான்தான்.

நோட்மானை 'என்பிஎம் இன்ஸ்டால் --சேவ்-டெவ் நோட்மான்' என்று ப்ராஜெக்டுக்குள்ளேயே நிறுவி, 'பேக்கேஜ்.ஜேசன்' கோப்பின் 'ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் 'டெவ்' என்ற பெயரில் வையுங்கள். எந்த நேரமும் டெர்மினலில் 'ஆர்எஸ்' என்று தட்டி எண்டர் அழுத்தினால் கையாலும் மறுபடி தொடங்கலாம். எச்டிஎம்எல் போன்ற பிற வகைகளைச் சேர்க்க '-ஈ' விருப்பம்.

நோட்மான் ஜாவாஸ்கிரிப்டோடு ஜேசன் கோப்புகளையும் இயல்பாகவே கவனிக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பயிற்சிக்காக டேட்டாபேஸ் இல்லாமல் 'டேட்டா.ஜேசன்' கோப்பில் தகவலை எழுதும் சர்வர் ஒன்றை எழுதிப் பாருங்கள். படிவத்தை அனுப்பியதும் சர்வர் கோப்பை எழுதும், நோட்மான் அதை மாற்றமாகக் கண்டு சர்வரைக் கொல்லும், பிரவுசருக்குப் பதில் போவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். சில முறை பதில் போய்விடும், சில முறை போகாது. அதனால் பிழை நிரலில் இருப்பதாகவே தோன்றும். 'நோட்மான்.ஜேசன்' அமைப்புக் கோப்பில் 'இக்னோர்' பட்டியலில் அந்த டேட்டா ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள்.

டைப்ஸ்கிரிப்டில் எழுதுகிறவர்களுக்கு 'டிஎஸ்எக்ஸ் வாட்ச்' போதும்.

லினக்ஸ் எப்படிச் சொல்கிறது

சுற்றிச் சுற்றிப் பார்க்கும் முறைக்கு மாற்று, இயங்குதளமே வந்து சொல்வது. லினக்ஸில் அது ஐநோட்டிஃபை, 2005இல் 2.6.13 கெர்னலில் வந்தது. மேக்கில் எஃப்எஸ்ஈவென்ட்ஸ். விண்டோஸிலும் இதற்கு இணையானது உண்டு.

ஐநோட்டிஃபையின் இரண்டு குணங்களைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

ஃபோல்டரைக் கவனிக்கச் சொன்னால் அதன் உட்ஃபோல்டர்களை அது கவனிக்காது. ஒவ்வொரு உட்ஃபோல்டருக்கும் தனித்தனியே ஒரு காவல் போட வேண்டும். அந்தக் காவல்களின் எண்ணிக்கைக்குப் பயனர்வாரியாக உச்சவரம்பு உண்டு. பழைய கெர்னல்களில் இயல்பு வரம்பு 8192. 5.11 கெர்னல் முதல் நினைவக அளவைப் பொறுத்து 8192க்கும் 1048576க்கும் இடையே தானே தீர்மானித்துக்கொள்கிறது. 'நோட்_மாட்யூல்ஸ்' ஒன்றே பழைய வரம்பைத் தின்றுவிடும். அப்போது வரும் பிழை 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்பது. வட்டில் இடமில்லை என்று நினைத்துக் கோப்புகளை அழிக்கத் தொடங்கிவிடாதீர்கள். தீர்ந்தது காவல் எண்ணிக்கை, வட்டு இடம் அப்படியே இருக்கிறது.

'/ப்ராக்/சிஸ்/எஃப்எஸ்/ஐநோட்டிஃபை/மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்' கோப்பைப் படித்தால் இப்போதைய வரம்பு தெரியும். உயர்த்த, '/ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி' ஃபோல்டரில் '.கான்ஃப்' என்று முடியும் கோப்பு ஒன்றை உருவாக்கி, 'எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்=524288' என்று ஒரே ஒரு வரி எழுதி, 'சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்' ஓட்டுங்கள். 64 பிட் கணினியில் ஒரு காவலுக்குச் சுமார் 1 கேபி கெர்னல் நினைவகம் போகும். பயன்பாட்டில் இருப்பவற்றுக்குத்தான் அந்தச் செலவு, வரம்பை உயர்த்துவதால் மட்டும் எதுவும் போகாது. டாக்கர் கன்டெய்னருக்குள் வரும் பிழையாக இருந்தாலும் கெர்னல் ஒன்றே, ஆகவே வரம்பை வெளியே ஹோஸ்டில் மாற்ற வேண்டும். ஆனால் வரம்பை உயர்த்துமுன் தேவையில்லாத ஃபோல்டர்களைக் காவலிலிருந்து விலக்குவதுதான் முதல் வேலை.

இரண்டாவது குணம்: ஐநோட்டிஃபை கோப்பின் பெயரைப் பிடிப்பதில்லை, வட்டில் அந்தக் கோப்பைக் குறிக்கும் பதிவான ஐநோடைப் பிடிக்கிறது. விம் உள்ளிட்ட பல எடிட்டர்கள் பாதுகாப்புக்காகப் புதிய கோப்பில் எழுதிவிட்டுப் பெயரை மாற்றிவிடும். தனிக் கோப்பின் மீது போட்ட காவல் அப்போது பழைய ஐநோடோடு போய்விடுகிறது. முதல் சேமிப்புக்கு ரீலோட் ஆகி, இரண்டாவது சேமிப்பிலிருந்து ஆகவில்லை என்றால் இதுதான் காரணம். நல்ல ரீலோடர்கள் ஃபோல்டரைக் கவனிப்பது இதனால்தான். நீங்களே காவல் எழுதினாலும் அப்படியே செய்யுங்கள்.

டாக்கர், டபிள்யூஎஸ்எல்

டாக்கர், நிரலை அதற்கு வேண்டியவற்றோடு இமேஜ் என்ற தொகுப்பாக்கி, கன்டெய்னர் என்ற தனி அறையில் ஓட்டும் கருவி. டாக்கரில் ரீலோட் ஆகவில்லை என்ற கேள்விகளில் முதல் வகை, நிரலை இமேஜுக்குள் நகலெடுத்துவிட்டு வெளியே திருத்துவது. கன்டெய்னருக்குள் இருப்பது பில்ட் செய்த அன்றைய நகல். கம்போஸ் கோப்பில் 'வால்யூம்ஸ்' பகுதியில் ப்ராஜெக்ட் ஃபோல்டரை உள்ளே இணைத்தால்தான் திருத்தம் உள்ளே தெரியும். ஒரு கோப்பை மட்டும் தனியாக இணைக்காதீர்கள். மேலே சொன்ன ஐநோட் சிக்கல் இங்கேயும் வரும்: எடிட்டர் கோப்பை மாற்றி வைத்த பின் கன்டெய்னர் பழைய ஐநோடையே பார்த்துக்கொண்டிருக்கும், உள்ளே திறந்து பார்த்தாலும் பழைய வரிகளே தெரியும். எப்போதும் ஃபோல்டராகவே இணையுங்கள். நோட் ப்ராஜெக்டில், வெளியே உள்ள 'நோட்_மாட்யூல்ஸ்' உள்ளே உள்ளதை மறைத்துவிடாமல் இருக்க அந்தப் பாதைக்குத் தனி வால்யூம் கொடுங்கள்.

இரண்டாவது வகையில், கோப்பு உள்ளே மாறியிருக்கும், ஆனால் அறிவிப்பு வராது. விண்டோஸில் நிரலை சி டிரைவில் வைத்துக்கொண்டு, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லிலோ கன்டெய்னரிலோ ஓட்டினால் இப்படி ஆகும். விண்டோஸ் பக்கத்தில் நடந்த மாற்றம் லினக்ஸ் கெர்னலின் வழியாகப் போகவில்லை, ஆகவே ஐநோட்டிஃபைக்குச் செய்தியே இல்லை. வர்ச்சுவல்பாக்ஸ் பகிர்வு ஃபோல்டர்களிலும், வேறொரு கணினி எழுதும் என்எஃப்எஸ் ஃபோல்டர்களிலும் இதே நிலைதான்.

இதற்கு நல்ல தீர்வு, ப்ராஜெக்டை டபிள்யூஎஸ்எல்லின் ஹோம் ஃபோல்டருக்குள் மாற்றுவது. அறிவிப்பும் வரும், கோப்பு படிக்கும் வேகமும் பல மடங்கு கூடும். மாற்ற வழியில்லை என்றால் சுற்றிப் பார்க்கும் முறையை, அதாவது போலிங்கை, கட்டாயமாக்குங்கள். வாட்ச்ஃபைல்ஸுக்கு 'வாட்ச்ஃபைல்ஸ்_ஃபோர்ஸ்_போலிங்=ட்ரூ', நோட்மானுக்கு '-எல்' விருப்பம், சோகிடார் நூலகத்தை நேரடியாகப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 'சோகிடார்_யூஸ்போலிங்=ட்ரூ'. ஜாங்கோவின் ஸ்டாட்ரீலோடர் ஏற்கெனவே சுற்றித்தான் பார்க்கிறது. மற்றவை தடுமாறும் இடத்தில் அது எந்த அமைப்பும் இல்லாமல் வேலை செய்வது அதனால்தான்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: டாக்கர் கம்போஸ் 2.22 முதல் வந்திருக்கும் 'வாட்ச்'. சேவையின் கீழ் 'டெவலப்' பகுதியில் 'வாட்ச்' எழுதி, எந்தப் பாதைக்கு என்ன செய்வது என்று சொல்கிறீர்கள். நிரல் ஃபோல்டருக்கு 'சிங்க்': மாறிய கோப்பு கன்டெய்னருக்குள் நகலாகும், உள்ளே இருக்கும் ரீலோடர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நூலகப் பட்டியல் கோப்புக்கு 'ரீபில்ட்': இமேஜே புதிதாக உருவாகும். உள்ளே ரீலோடர் இல்லாத சேவைக்கு 'சிங்க்+ரீஸ்டார்ட்'. நகலெடுப்பது கன்டெய்னருக்குள்ளேயே நடப்பதால் ஐநோட்டிஃபை இயல்பாக வேலை செய்யும். சேவைக்கு 'பில்ட்' பகுதி இருக்க வேண்டும், கன்டெய்னருக்குள் ஓடும் பயனருக்கு அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமையும் இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் வால்யூம் இணைப்பைவிட இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

கூட ஓடுபவை

சர்வர் ரீலோட் ஆகிவிடும், பின்னணி வேலைகளைச் செய்யும் செலரி வொர்க்கர் ஆகாது. டாஸ்க் ஃபங்ஷனைத் திருத்திவிட்டுப் பழைய விடையைப் பார்த்து விழிப்பது இங்கேதான். செலரியில் முன்பு இருந்த '--ஆட்டோரீலோட்' 4.0 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. வாட்ச்டாக் நூலகத்தோடு வரும் வாட்ச்மீடூ அந்த இடத்தை நிரப்பும்: 'வாட்ச்மீடூ ஆட்டோ-ரீஸ்டார்ட் --டைரக்டரி=./ --பேட்டர்ன்=*.பை --ரிகர்சிவ் -- செலரி -ஏ ப்ராஜெக்ட் வொர்க்கர்'. இரண்டு கோடுகளுக்குப் பின் வருவது எந்தக் கட்டளையாகவும் இருக்கலாம். இன்னும் எளிய கருவி 'என்டர்' (எண்டர் விசை அல்ல): 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' தரும் பட்டியலைப் பைப் வழியாக 'என்டர் -ஆர்' கட்டளைக்குக் கொடுத்தால் எந்த மொழிச் சர்வரையும் எழுப்பித் தரும். இந்தப் பட்டியல் முறையில் 'நோட்_மாட்யூல்ஸ்' தானாகவே வெளியே நின்றுவிடுகிறது.

எடிட்டரின் தானியங்கிச் சேமிப்பையும் ஒரு முறை பாருங்கள். விஎஸ் கோடில் 'ஆஃப்டர்டிலே' என்று வைத்திருந்தால் 1 விநாடி இடைவெளியில் பாதி எழுதிய வரியும் சேமிக்கப்படும், சர்வர் ஒவ்வொரு முறையும் விழும். 'ஆன்ஃபோகஸ்சேஞ்ச்' வைத்தால் அந்தக் கோப்பை விட்டு வேறு கோப்புக்கோ ஜன்னலுக்கோ போகும்போது மட்டும் சேமிக்கும். ரீலோடுக்கு அது பொருத்தம்.

நினைவகத்தில் மட்டும் வைத்திருப்பவை, அதாவது கேஷ், நினைவக எஸ்க்யூலைட், கைப்பட எழுதிய லாகின் பட்டியல் எல்லாம், ஒவ்வொரு ரீலோடிலும் அழியும். ஒவ்வொரு சேமிப்புக்கும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருந்தால், அந்தத் தகவல்கள் நினைவகத்தில் இருக்கின்றன அல்லது ரகசியச் சாவி ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக உருவாகிறது என்று பொருள். டேட்டாபேஸுக்கோ ரெடிஸுக்கோ மாற்றி, சாவியை நிலையாக வையுங்கள்.

எங்கே பழுது என்று தேடும் வரிசை

முதலில், கையால் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். அப்போதும் மாற்றம் தெரியவில்லை என்றால் ரீலோடுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் திருத்துவது ஓடும் கோப்பே இல்லை: 'சைட்-பேக்கேஜஸ்' ஃபோல்டரில் நிறுவிய நகல் ஓடுகிறது, அல்லது கன்டெய்னரில் பழைய நகல், அல்லது பிரவுசர் கேஷ். கோப்பின் தலையில் ஒரு பிரின்ட் வரி போட்டால் ஐயம் தீரும். சொந்த நூலகத்தைப் பிப் வழியாக '-ஈ' கொடுத்து நிறுவியிருந்தால் முதல் வகை வராது.

கையால் தொடங்கினால் சரியாகிறது என்றால், அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். 'ஐநோட்டிஃபை-டூல்ஸ்' தொகுப்பை நிறுவி, சர்வர் ஓடும் அதே இடத்தில், கன்டெய்னர் என்றால் கன்டெய்னருக்குள், 'ஐநோட்டிஃபைவெயிட் -எம் -ஆர் .' ஓட்டிவிட்டுக் கோப்பைச் சேமியுங்கள். ஒரு வரியும் வரவில்லையா? அறிவிப்பு வந்து சேரவில்லை. போலிங்குக்கு மாறுங்கள் அல்லது கோப்புகளை இடம் மாற்றுங்கள். வரி வருகிறது, ரீலோட் ஆகவில்லையா? காவல் வேறு ஃபோல்டரில் நிற்கிறது அல்லது அந்தக் கோப்பு வகையை வடிகட்டிவிடுகிறது. நீங்கள் எதையும் சேமிக்காமலே வரிகள் கொட்டுகின்றனவா? சர்வரே காவலுக்குள் இருக்கும் ஃபோல்டரில் எழுதிக்கொண்டிருக்கிறது. ஓயாமல் ரீலோட் ஆவதற்கு அதுவே காரணம், எந்தக் கோப்பு என்றும் அந்த வரியே சொல்லிவிடும்.

ரீலோட் தொடங்கி, போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வந்தால் பழைய சேய் ஒன்று அநாதையாக நிற்கிறது. டெர்மினல் ஜன்னலை அப்படியே மூடியதாலோ, தாயை மட்டும் கட்டாயமாகக் கொன்றதாலோ இது நடக்கும். 'எல்எஸ்ஓஎஃப் -ஐ :8000' என்று தட்டினால் யார் என்று தெரியும். அந்த எண்ணுக்கு 'கில்' கொடுங்கள். போகாவிட்டால் மட்டும் 'கில் -9'. பழைய சேய் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் பழைய நிரலின் விடையே வரும் என்பதால், பிழைச் செய்தி கண்ணில் படாதபோதும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

உண்மையான சர்வரில் இவை எதுவும் வேண்டாம். கூனிகார்னிலும் '--ரீலோட்' உண்டு, அதுவும் நிரல் எழுதும் கணினிக்கு மட்டும்தான். வெளியீட்டின்போது கூனிகார்னின் தலைமைப் புராசஸுக்கு 'கில் -எச்யுபி' அனுப்பினால், புதிய வொர்க்கர்களை எழுப்பிக்கொண்டு பழையவற்றை மெல்ல விடைபெறச் செய்யும். '--ப்ரீலோட்' கொடுத்து ஓட்டியிருந்தால் மட்டும் எச்யுபி புதிய நிரலைக் கொண்டுவராது, ஏனென்றால் நிரலை ஏற்றி வைத்திருப்பது தலைமைப் புராசஸ். அந்த நிலையில் சேவையையே முழுதாக மறுபடி தொடங்க வேண்டும்.